அது யார் குழந்தை?

"சத்தம் போடாதீங்க. திரைக்குப் பின்னாடி ஒருத்தி உட்கார்ந்திருக்கா பாருங்க, அவ கையில இருக்கிறது அவ குழந்தை இல்ல."

செக்யூரிட்டி அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வணிக வளாகத்தின் பின்வாசலை ஒட்டி இருந்தது அந்தப் பாலூட்டும் அறை. பின்வாசல் ஊழியர்களுக்கு மட்டும். அவள் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அறைக்கும் வாசலுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் காவல். போன மாதம் இதே அறையில் யாரோ ஒருத்தியின் கைப்பை காணாமல் போனதற்கே மேனேஜர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். இன்னொரு தப்பு நடந்தால் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"எப்படிம்மா சொல்றீங்க?"

சொன்னவளுக்கு நாற்பது வயது இருக்கும். பெரிய சால்வைக்குள் தோளில் ஒரு குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நிதானமான முகம். பார்த்தாலே நம்பத் தோன்றும்.

"மூணு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா? தூக்குற விதமே சரியில்ல. சட்டையில கடைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கல. பேர் சொல்லிக் கூப்பிடாம 'பாப்பா பாப்பா'ன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கா. அது தொண்டை கிழியக் கத்துது, பால் குடுக்கக் காணோம்."

செக்யூரிட்டி அக்கா திரையை விலக்கினாள். வியர்த்து வழிந்தபடி ஒரு சின்னப் பெண். மடியில் முகம் சிவந்து வீறிடும் குழந்தை. சட்டையின் கழுத்தோரம் கடைச் சீட்டு நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இது யார் குழந்தை?"

அந்தப் பெண் திடுக்கிட்டுத் துப்பட்டாவை இழுத்து மூடினாள். "எ... என்னோடதுதான்க்கா."

"பேரு?"

"இன்னும் வைக்கல."

"பொறந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு மாசம்... இல்ல, அதுக்கு மேல..."

பெற்றவள் இப்படியா மென்று விழுங்குவாள்? செக்யூரிட்டி அக்காவின் சந்தேகம் வலுத்தது. "கூட யாரும் வரலையா?"

"வீட்டுக்காரர் மேல பேங்க்ல இருக்கார்க்கா. ஃபோன் எடுக்க மாட்டேங்கிறார்."

"வாயில வந்ததைச் சொல்றா, பாருங்க" என்றாள் சால்வைக்காரி. "விட்டுடாதீங்க. பாவம், பெத்தவ எங்க தவிச்சுக்கிட்டு இருக்காளோ!"

அந்த வார்த்தை செக்யூரிட்டி அக்காவை உலுக்கிவிட்டது. அவளும் இரண்டு பெற்றவள்தான்.

"உன் குழந்தைன்னா என் கண் முன்னாடி பால் குடு, பார்ப்போம்."

கேட்டபோது அவளுக்கே கூசியது. ஆனாலும் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் குழந்தையை அணைத்துப் பார்த்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தியது.

"யாராவது பார்த்தா பால் வர மாட்டேங்குதுக்கா..." பெண் உடைந்து அழுதாள். "வீட்லயே கஷ்டப்பட்டுத்தான் குடிக்கும். சத்தியமா என் குழந்தைக்கா!"

"நல்லா நடிக்கிற." செக்யூரிட்டி அக்கா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "மேனேஜர் வரட்டும். அதுவரைக்கும் அசையக் கூடாது."

நேரம் பார்த்துச் சால்வைக்குள் இருந்த குழந்தையும் விழித்துக்கொண்டு காலை உதைத்து அழ ஆரம்பித்தது.

"அய்யோ, இவனும் ஆரம்பிச்சுட்டான். வயிறு முட்டக் குடிச்சாச்சு, தூக்கத்துக்குத்தான் இந்த அழுகை. பின்னாடி ஆட்டோ நிக்குது, இப்படியே போயிடட்டுமா? முன்வாசல் சுத்திப் போனா இவன் ஊரைக் கூட்டிடுவான்."

"தாராளமாப் போங்கம்மா. நீங்க மட்டும் சொல்லலைன்னா என் வேலையே போயிருக்கும்." ஒரு கையால் அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டே போய், இன்னொரு கையால் அட்டையைக் காட்டிப் பின்வாசலைத் திறந்துவிட்டாள். அழுகைச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது.

திரும்பியவள் அப்படியே நின்றாள்.

அந்தப் பெண்ணின் சட்டை மார்பில் இருபுறமும் நனைந்திருந்தது. அவள் துப்பட்டாவை வைத்து மறைக்க மறைக்க ஈரம் பரவியது.

"வேற குழந்தை அழுதாக்கூட இப்படி ஆயிடுதுக்கா" என்றாள் வெட்கமும் அழுகையுமாக.

செக்யூரிட்டி அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பிள்ளை பெற்ற புதிதில் பஸ்ஸில் எந்தக் குழந்தை அழுதாலும் அவளுக்கும் இதே கதிதான். பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள். மணிக்கட்டில் விரல் தடம் சிவப்பாக விழுந்திருந்தது.

"என்னை மன்னிச்சுடும்மா. உட்காரு. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன், நீ குடு."

திரைக்குப் பின்னால் வீறிடல் விம்மலாகி, விம்மல் சப்பும் சத்தமாகியது. அப்பாடா என்றிருந்தது செக்யூரிட்டி அக்காவுக்கு. அந்தச் சால்வைக்காரி எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள்! தன் பிள்ளை அந்தக் கத்து கத்தியும் ஒரு வாய் பால் கொடுக்க உட்காராமல், அடுத்தவளைப் பற்றி எத்தனை அக்கறை!

தரையில் ஏதோ கிடந்தது. சால்வைக்குள் உதைத்த காலிலிருந்து நழுவியிருக்க வேண்டும். குனிந்து எடுத்தாள், பச்சை நிறத்தில் சின்னஞ்சிறு சாக்ஸ். ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்று பின்வாசலைத் திறந்தாள். தெருவில் ஆட்டோ இல்லை.

இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி அலறியது.

"எல்லா வாசலையும் மூடுங்க! துணிக்கடையில தள்ளுவண்டியில தூங்கின கைக்குழந்தையைக் காணோம். ஆண் குழந்தை, கால்ல பச்சை சாக்ஸ்..."