அருவியில் பாய்ந்தவள்

பழைய சூப்பர் ஹீரோயின் தொடரை டிவியில் மறுபடியும் போட்டார்கள். நாயகி பறக்கும்போதெல்லாம் ரெக்ஸ் நெளிந்தான். முழங்காலைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போய்ப்போய் வந்தான்.

மனைவி ரோஸ்லினுக்குச் சந்தேகம் தட்டியது.

"மெட்ராஸ்ல சினிமா வேலை பார்த்தப்ப இவளத் தெரியுமோ?"

"அவுகளத் தெரியும். சேனல மாத்து."

"அவுகளா! பழைய காதலா? உண்மையச் சொல்லுங்க. இல்லாட்டி பெரியகுளத்துக்கு, எங்கம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிருவேன்."

திரையில் நாயகி பாறையிலிருந்து அருவிக்குள் பாய்ந்தாள். ரெக்ஸ் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"ஊருக்குள்ள சொல்லிறாத தாயி. அங்கன குதிச்சது அவுக இல்ல. டோப்பா வச்சு, பாவாடை கட்டி, டூப்பு போட்டது நான்தான்."

ரோஸ்லின் திரையையும் கணவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுசா! எட்டாப்பு படிக்கையில பேப்பர்ல வந்த இந்தக் குதிக்கிற படத்தத்தான வெட்டி, தலகாணிக்கடியில வச்சுத் தூங்குனேன்!"