தொண்ணூற்றாறு கைகள்

மணி அலறியது.

காவலாளிப் பெண் டிபன் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. இனி மணி அடித்தால், தொட்டவர் கையெழுத்து புகார்ப் புத்தகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று மேலாளர் காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.

கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் ஓட்டம் தானாகத் தளர்ந்தது. அந்த இடம் அப்படி.

உயரமான கூரையிலிருந்து தொண்ணூற்றாறு வெள்ளைச் சாந்துக் கைகள் நூலில் தொங்கின. மணிக்கட்டு வரை மட்டும். மதிய வெயில் பாலாக இறங்கியிருக்க, காற்றில் அவை மெதுவாகத் திரும்பின, தூக்கத்தில் யாரையோ துழாவுவதுபோல.

எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்களின் கைகள்.

சிற்பி அம்மாள் ஒரே நிபந்தனைதான் போட்டாராம். பிழைப்பு நடத்துகிற கையைக் கொண்டு வாருங்கள். ஒருவர் கைக்கு இன்னொருவர் அச்சு எடுங்கள். வாளியில் கரைத்த அச்சுக் கூழில் அமிழ்த்திய கை அசையாதிருக்க, கூழ் இறுகும்வரை மற்றவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாக்கடைத் தகராறில் ஏழு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத தையற்காரரும் முடிதிருத்துபவரும் அப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள் என்று கேள்வி. இவள் வேலைக்குச் சேர்ந்தது அதற்கெல்லாம் அப்புறம்.

வருகிறவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போகட்டும் என்றுதான் சிற்பி தொங்கவிட்டார். அலுவலகம் தரையில் மஞ்சள் கோடு போட்டது. தாண்டினால் மணி.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார்.

ஐம்பது வயதிருக்கும். தினமும் வருகிறவர்தான். பேசாமல் பார்ப்பார், பேசாமல் போவார். இன்றைக்குத் துணிச்சல் வந்துவிட்டது போலிருக்கிறது.

இடது கையால் ஒரு வெள்ளைக் கையைப் பற்றியிருந்தார். அதன் சீட்டில் பெயரில்லை. எல்லாச் சீட்டிலும்போல தொழில் மட்டும்தான். 'மரம் அறுப்பவர்.'

அந்தக் கையின் விரலிடுக்கில் நகத்தால் மெல்லச் சொறிந்துகொண்டிருந்தார்.

அவருடைய முழுக்கைச் சட்டையின் வலது கை கால்சட்டைப் பைக்குள் செருகியிருந்தது. கடைத்தெருவில் வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி. அந்த ஒயில்தான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"ஏண்ணே, இத்தாம்பெரிய கோடு கண்ணுக்குத் தெரியலையா? நீங்க பாட்டுக்குத் தொட்டுட்டுப் போயிடுவீங்க. என் சோத்துலல்ல மண்ணு விழும்!"

அவர் திடுக்கிட்டுப் பிடியை விட்டார். வெள்ளைக் கை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அவர் பக்கமே திரும்பி நின்றது.

"தப்புதான் தங்கச்சி. நேத்திலேருந்து ஒரே அரிப்பு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. மாடிப்படியில் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது.

புத்தகத்தைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் பேனாவைப் பார்த்தார். அண்ணாந்து அந்த வெள்ளைக் கையைப் பார்த்தார். பிறகு, வேண்டாத விருந்தாளியைப் போல அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"போடுறது அந்தக் கைதான். கொஞ்சம் அவுத்துக் குடு தங்கச்சி, போட்டுத் தர்றேன்."