வாய் திறக்காத வெண்ணிலா

“வாயத் தொற கண்ணு” என்று கூட வந்த ஆள் தோளைத் தொட்டதும், நான்கு வயது வெண்ணிலா வெடுக்கென்று விலகி, பல் டாக்டர் ஆர்த்தியின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். உதடுகள் இறுகியிருந்தன.

திண்டிவனத்தில் கிளினிக் வைத்த ஆறு வருஷத்தில், ஊசியைக் கண்டு மிரளும் பிள்ளைகளை ஆர்த்தி நிறையப் பார்த்திருக்கிறாள். கூட வந்தவரைக் கண்டு மிரளும் பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள்.

“உங்க பொண்ணா?”

“ஆமா மேடம். என் பேரு திருமுருகன். காலைலேர்ந்து பல்லு வலின்னு அழுதுக்கினே இருந்தா.”

“எந்தப் பக்கம்?”

அவன் குழந்தையின் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பால் குடிச்சதும் வாய் கொப்புளிக்காம தூங்கிடுவாளா?”

“அது அவங்கம்மாவுக்குத்தான் தெரியும். நடவுக்குப் போயிருக்கா.”

“ஏழு வயசு வரைக்கும் பெரியவங்கதான் தேச்சு விடணும். நீங்க செய்றீங்களா?”

“தெனமும் ராத்திரி அவ தேய்க்கிறதைப் பாப்பேன் மேடம். தேச்சு விட்டதில்ல.”

பெற்றவன் பேசுகிற பேச்சா இது? ஆர்த்தி, ‘கதவை வெளியே பூட்டு. போலீஸைக் கூப்பிடு’ என்று கிறுக்கி, மருந்துச் சீட்டு போல உதவியாளர் அம்மணியிடம் நீட்டினாள். அம்மணி வெளியேறினாள். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

அப்புறம்தான் உறைத்தது. தானும் உள்ளே மாட்டிக்கொண்டாயிற்று. ஜன்னல் முழுக்கக் கம்பி. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த ஆள்.

அவன் கதவை இழுத்துப் பார்த்தான். “ஏன் மேடம் பூட்டிட்டாங்க?”

குழந்தையை ஆர்த்தி இறுக்கி அணைத்திருந்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ஐயோ, என் பொண்ணுதான் மேடம்...” சுவரோரம் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நடிக்கிறானோ? ஆர்த்தி குழந்தையின் காதருகே குனிந்தாள். “பயப்படாத பாப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல போலீஸ் வந்துடும். நெஜமா சொல்லு, இந்த ஆளு யாரு?”

வெண்ணிலா அவனையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

“எங்கப்பா. போனுக்குள்ளயே இருந்தாரு, நேத்துதான் வெளிய வந்தாரு.”