ஒத்திவைக்கப்பட்ட சுவர்

"ஏழாவது பொருள். மூன்றாவது தெருவில் வழியை அடைத்து நிற்கும் ஒற்றைச் சுவரை அகற்றுவது" என்று வாசித்தாள் ஊராட்சிச் செயலாளர். வேலையில் சேர்ந்து பத்தே நாள்தான் ஆகியிருந்தது.

"அடுத்த மாசத்துக்கு ஒத்தி வெச்சுக்கலாம்" என்றார் தலைவர் அம்மா. ஊரில் தையல் கடை வைத்திருப்பவர்.

உறுப்பினர்கள் ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல் கை தூக்கினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "ஆறு வருஷமா இதே பாட்டு! ஒரு ஒத்தைச் சுவரை இடிக்கத் துப்பில்ல, உங்களுக்கெல்லாம் எதுக்கு நாற்காலி?"

சைக்கிள் கடைக்காரர். கூட்ட அறைக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. தட்டிக் கேட்க ஒருத்தராவது இருக்கிறாரே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. மனு கொடுத்த மினி லாரிக்காரர்கூட ஜன்னலோரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அந்தச் சுவரால் அவர் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு மூட்டைகளை முதுகில் சுமக்கிறார். மாதம் தவறாமல் மனு எழுதுகிறார், மாதம் தவறாமல் இவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். சுவருக்கு எதிர்வீடு தலைவரின் தம்பி வீடு. இதற்குமேல் அவளுக்கு என்ன விளக்கம் வேண்டும்?

கூட்டம் கலைந்ததும் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். ஊராட்சி முடிவெடுக்கலைன்னு நான் தெரிவிச்சா, சாலைத் துறையே வந்து இடிச்சுடும்."

தலைவர் அம்மா கோபப்படவில்லை.

"தாராளமா அனுப்பும்மா. அதுக்கு முன்னாடி என்கூட ஒரு நடை வந்துடு."

சுவர் முப்பது அடி நீளம் இருக்கும். கூரையில்லை, கதவில்லை. இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் பொட்டல். பொட்டலில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் காரை உதிர்ந்து கிடக்க, இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை மட்டும் வழவழவென்று இருந்தது.

"இதுல பார்க்க என்ன இருக்கு?"

"கொஞ்சம் பொறும்மா."

தெருமுனைவரை யாரோ பேச்சுக் கொடுத்தபடி கூட வந்து விட்டுப் போக, சைக்கிள் கடைக்காரர் தனியாக வந்தார். இடது கை சுவரில் பட்டதும் நடையில் ஒரு வேகம். சரசரவென்று வந்தவர் அவர்கள் அருகில் நின்றார். கண்ணாடி இப்போது சட்டைப் பையில் இருந்தது. கண்கள் அவர்களுக்கு மேலே, எங்கேயோ நிலைத்திருந்தன.

அவளுக்குச் சுரீர் என்றது.

"யாரது நிக்கிறது?"

"நான்தாண்ணே, செயலாளர்."

"செயலாளர் அம்மாவா? நல்லா கேட்டுக்கோங்க. இங்கே பழைய கிடங்குகிட்ட நின்னு புண்ணியமில்லை. போய் அந்த ஒத்தைச் சுவரைப் பாருங்க." பக்கத்துச் சுவரைப் பெருமையாகத் தட்டினார். "கட்டடம்னா இது கட்டடம். நாலு சுவரும் கல்லு மாதிரி நிக்குது பாருங்க."

ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

அவர் சுவர் முடிகிற இடத்திலிருந்த தன் கடைக்குள் போகும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தலைவர் அம்மா அவள் கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துப் போனார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி பார்வை போயிடுச்சு. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தார். அந்த நேரத்துலதான் வழியை அகலமாக்கக் கிடங்கை இடிச்சோம். மூணு சுவர் போச்சு. நாலாவதை இடிக்கிற அன்னிக்கு வந்து நின்னார். கையை வெச்சுப் பார்த்துட்டு, 'அப்பாடா, கிடங்கு இருக்கு. இனி என் கடைக்கு நானே வந்துடுவேன்'னார். கடப்பாரை வெச்சிருந்தவங்க சத்தமில்லாம கீழே வெச்சுட்டாங்க. அவர் இடிக்கச் சொல்ற ஒத்தைச் சுவர் வேற எங்கேயோ நிக்குதுன்னு இன்னிக்கும் நினைச்சுட்டிருக்கார்."

"அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"தனக்காக ஊரு சுத்திப் போகுதுன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் தானே இடிச்சுட்டு வீட்டோட முடங்கிடுவார்."

"அப்போ லாரிக்காரர் மனு?"

"நான் எழுதலைன்னாதான் ஆபத்தும்மா." முதுகில் மூட்டையோடு அந்தப் பக்கம் வந்த லாரிக்காரரே தாழ்ந்த குரலில் சொன்னார். "மனு ஊராட்சியில நிலுவையில இருக்கிற வரைக்கும் சாலைத் துறை இதுல கை வைக்க முடியாது."

மூட்டை சுவரில் உரசாமல் ஒருக்களித்து நடந்து போனார்.

ஆறு வருடம். முந்நூறு வீடு. எத்தனை வம்பு, எத்தனை சண்டை நடந்திருக்கும் இந்த ஊரில். கோபத்தில்கூட ஒருத்தர் உளறவில்லை. பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள்கூட. மாதாமாதம் அவரிடமே திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

கடையில் அவர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, காதைச் சாய்த்து அதன் கோணலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் காலடி அருகில் வந்ததும் சக்கரத்தை நிறுத்தினார்.

"சுவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேண்ணே."

"மேலிடத்துக்கு எழுதுறீங்கதானே?"

அவள் கையோடு எடுத்து வந்திருந்த கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்த மாசத்துக்கு ஒத்தி வெச்சிருக்குண்ணே."

"சே! நீங்களும் இந்தக் கும்பலோட சேர்ந்துட்டீங்களா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சேர்த்துக்கிட்டாங்கண்ணே."