பிதாவுக்கு முகம் கூடாது

"பிதாவை வரையவே கூடாதாம்! முகத்தை அழிச்சிட்டு அங்கே மேகம் போடணுமாம்!"

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பொரிந்தார் ஓவியர். மாதக்கணக்கில் சாரத்தில் மல்லாந்து கிடந்து, மாதா கோவில் கூரையில் பிதாவாகிய கடவுளை வரைந்து அன்றுதான் முடித்திருந்தார்.

"யாருங்க சொன்னது?" என்றாள் மனைவி.

"நம்ம ஃபாதர்தான். பிதாவை யாருமே பார்த்ததில்லையே, எதை வச்சு முகம் போட்டீங்கன்னு கேக்கறார். ஃபாதருக்கே ஃபாதரைப் பிடிக்கலைன்னா நான் என்ன பண்ண?"

மனுஷன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பங்குத்தந்தையின் அறையில், அவர் தலைக்கு நேர் மேலே, வெள்ளைத் தாடியோடு பிதா படம் ஜம்மென்று தொங்கியது.

"இவர் யாரு ஃபாதர்? உங்க தாத்தாவா?"

ஃபாதர் நெளிந்தார்.

"உங்களுக்கு ஒரு வேதம், எங்களுக்கு ஒரு வேதமா? எங்க வீட்டுக்காரர் வரைஞ்சா மட்டும் பாவமா?"

அவளைக் கோவிலுக்குள் கூட்டிப்போய், மேலே கைகாட்டினார் ஃபாதர்.

அண்ணாந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ஃபாதர்!"

"ஞாயித்துக்கிழமை சனம் இதைப் பார்த்துச் சிரிச்சா அவர் மனசு உடைஞ்சுடும்மா. எனக்கும் சொல்ல வாய் வரல. அதான் வேதத்தைப் பிடிச்சுக்கிட்டேன். மேகம்னா அவர் அருமையா போடுவார்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீட்டில் ஓவியர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டியா?"

"கேட்டேன். ஆனா அவர் சொல்றதுதாங்க சரி. பிதாவுக்கு முகம் போடறது பெரிய தப்பு. மேகமே போட்டுடுங்க."

"அடிப்பாவி! நீயும் கட்சி மாறிட்டியா?"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும். ஊசியில நூல் கோக்க முடியல. துணைக்கு வாங்க. வந்த கையோட நீங்களும் காட்டிக்கலாம்."

"எனக்கெதுக்கு? என் கண்ணு கழுகுக் கண்ணு!"

"தெரியும், தெரியும். சும்மா எனக்குத் துணையா காட்டுங்க" என்றவள், அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோவில் கூரையில் பிதாவின் வலக்கண் பலிபீடத்தையும், இடக்கண் வாசல் கதவையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தன.