அச்சு அசல்

தூதரக வாசலில் காவலுக்கு நின்று குண்டடிபட்டு இறந்த இரண்டு போலீஸ்காரர்களுக்கும் அங்கேயே சிலை தயார். தூதர் வந்து திறப்பதற்குள், ஒருவருடைய மனைவிக்குக் கணவரின் சிலையைக் காட்டினார் கமிஷனர்.

"எப்படிம்மா, அச்சு அசல் உங்க வீட்டுக்காரர்தானே?"

"அவர் மாதிரி இல்லையே சார்."

கமிஷனர் சிலையை இன்னொரு முறை பார்த்தார். தூதர் முன்னால் இந்த அம்மாள் இப்படிச் சொல்லிவைத்தால் மானம் போய்விடும்.

"மீசை சரியில்லையா?"

"மீசை, முறைப்பு எல்லாம் அவருதுதான். நெஞ்சுல தடியா என்னமோ மாட்டியிருக்காரே, அதைத்தான் நான் பார்த்ததே இல்ல."

கமிஷனருக்குப் போன உயிர் திரும்பியது. "குண்டு துளைக்காத சட்டைம்மா. அது இருந்தாத்தான் சிலைக்கே ஒரு கம்பீரம். சிற்பி மாதிரிக்கு ஒண்ணு கேட்டார். என் ரூம் பீரோவுல சும்மாதானே கிடக்குதுன்னு என்னோடதையே குடுத்தனுப்பினேன்."

அந்த அம்மாள் சிலையின் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கே இவர்கிட்ட குடுத்திருந்தீங்கன்னா, ஒரு சிலை மிச்சமாயிருக்கும் சார்."