எதிர்க்கடைப் பன்சித்

"மிலாக்ரோஸ் வீட்டு ஆர்டரா? பெப்பாங் கடைக்கா? உனக்கு நல்லாத் தெரியுமா?"

இறால் கூடையை இறக்கிய டோரோ, லூர்தெஸிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மிலாக்ரோஸ் வீட்டில் விசேஷமாம். எதிர்க்கடைப் பெப்பாங்கிடம் பெரிய பெரிய மூங்கில் தட்டாகப் பன்சித் சொல்லியிருக்கிறார்களாம். அதற்காக அவள் இரண்டு மடங்கு இறால் கேட்டிருக்கிறாளாம்.

லூர்தெஸ் கரண்டியை ஓங்கி வைத்தாள். மலபோன் ஊரில் அவள் கடை மாமியார் காலத்திலிருந்து நடப்பது. தடித்த அரிசி நூடுல்ஸை ஆரஞ்சு நிறக் குழம்பில் புரட்டி, இறாலும் சிப்பியும் அவித்த முட்டையும் பரப்பி அவள் தரும் பன்சித்துக்கு மணிலாவிலிருந்துகூட ஆள் வரும். மிலாக்ரோஸின் மகன் அர்னெலுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அவன் அப்பாவைப் புதைத்த நாள் வரை அந்த வீட்டுக்கு எல்லாச் சாப்பாடும் இவள் அடுப்பிலிருந்துதான் போனது. எதிர்க்கடையோ நேற்று முளைத்தது. அதற்குள் பலகையில் 'பாரம்பரியக் கடை' என்று வேறு எழுதி வைத்துவிட்டாள் அந்தக் கைகாரி.

"அதான் அந்த அர்னெல் பய ஒரு வாரமா சாப்பிட வரல," என்று மகள் லிகாயாவிடம் பொருமினாள். "தினம் இங்கயே விழுந்து கிடந்தவன், இப்ப என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறான்."

"விடும்மா, ஏதாச்சும் காரணம் இருக்கும்," என்ற லிகாயா, தயங்கித் தயங்கி, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையை..." என்று ஆரம்பித்தாள்.

"மூடணுமா? மூடினா நான் தோத்துட்டேன்னு அவ ஊரெல்லாம் தண்டோரா போடுவா. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அந்த வீட்டு ஆளுங்க யாரும் இனி நம்ம படி ஏறக்கூடாது."

லிகாயாவின் முகம் செத்துப்போயிற்று. கடைக்கு மேலிருந்த வீட்டுக்கு ஏறிப் போய்விட்டாள்.

மனசு ஆறாத லூர்தெஸ், எலுமிச்சை கடன் வாங்குகிற சாக்கில் எதிர்க்கடைக்கே போய்விட்டாள். பெப்பாங் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். இவள் உட்காரவில்லை.

"என்ன சொக்குப்பொடி போட்டே மிலாக்ரோஸுக்கு?"

"நான் ஏன்க்கா போடணும்? லூர்தெஸ் கை ருசி உனக்கு வராதுன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னிக்கு ராத்திரி சோறே இறங்கல."

"அப்புறம் எதுக்கு உங்கிட்ட வந்தாளாம்?"

"அதை மட்டும் கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பெப்பாங் உள்ளே போய்விட்டாள். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது. எலுமிச்சையை மறந்து லூர்தெஸ் வீடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேண்டுமென்றே கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, கரண்டியும் கையுமாக வாசலில் நின்றாள். எதிர்க்கடையிலிருந்து மிலாக்ரோஸ் முத்துத் தோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் பூ வேலை செய்த வெள்ளைச் சட்டையில் அர்னெல். அவர்களுக்குப் பின்னால் வாழையிலை மூடிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சொந்தபந்தமெல்லாம் வந்தது. நேராகத் தெருவைத் தாண்டி இந்தப் பக்கமே வந்தார்கள். நம் கண் முன்னால் காட்டிவிட்டுப் போகத்தான் இந்த ஊர்வலம் என்று நினைத்த லூர்தெஸுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நல்லா இருக்கு மிலாக்ரோஸ். எங்க அடுப்பு அணைஞ்சா போச்சு? அவ கடையில வாங்கி எந்த வீட்டுக்குக் கொண்டு போறே?"

மிலாக்ரோஸ் படியில் கால் வைத்தாள். மாடிப்படியில் புதுப் பாவாடை கட்டி, பயந்துபோய் நின்றிருந்த லிகாயாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொண்ணு கேட்டு வரும்போது சாப்பாடு கொண்டு வரணும்ல? அதைப் பொண்ணு வீட்டு அடுப்புலயே காசு கொடுத்து வாங்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும், சம்பந்தி?"